பத்து நிமிடம் என்றார்கள்

வீடு திரும்பியபோது பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே அலமாரிகள் திறந்து, துணியெல்லாம் தரையில். உடனே காவல்துறையை அழைத்திருக்க வேண்டும். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அறை அறையாகப் போய் என்னென்ன போயிற்று என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாடிப்படியில் ஒரு புது ஆளைப் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம்தான் அவசர எண்ணை அழைத்தேன். அதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா? அடிபட்டிருக்கிறதா?" இல்லை என்றேன். "பத்து நிமிடத்தில் வருவார்கள்."

ரோந்து வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. திருட்டைவிட, வாசலில் நின்ற அந்த நேரம்தான் என்னை நொறுக்கியது. வேறொரு அடிதடி அழைப்புக்குப் போய்விட்டு வந்ததாகக் காவலர் சொன்னார். அது நியாயம்தான். அதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே! பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து விசாரித்தபோது சட்டையின் நிறம்கூட அவருக்கு நிச்சயமில்லை. பொருள் எதுவும் திரும்பவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் காவல்துறை வந்துசேரும் நேரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1970களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நடந்த ஆய்வு, மக்கள் அழைக்கத் தாமதிப்பதே பல வழக்குகளில் பெரிய நேர இழப்பு என்றது. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மக்களின் திருப்தியும், எதிர்பார்த்த நேரத்துக்குள் வந்தார்களா என்பதைப் பொறுத்தே அமைந்ததாம். அதற்காக வேகம் வீண் என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், வந்துசேரும் நேரம் 10 சதவீதம் கூடினால் வழக்கு துலங்கும் வாய்ப்பு 4.7 சதவீதப் புள்ளி குறைகிறது. சீக்கிரம் போனால் சாட்சிகள் ஆளை அடையாளம் சொல்வது கூடுகிறது என்பதும் ஒரு காரணம். மாடிப்படி ஆள்தான் என் நினைவுக்கு வந்தான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் புகார் எழுதினேன். ஒரே கோரிக்கை: தாமதமானால் திரும்ப அழைத்துச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து, இரவில் எதிர்வீட்டுக் கதவை யாரோ நெம்பும் சத்தம். யோசிக்காமல் அழைத்தேன். "பக்கத்து வண்டி வேறு இடத்தில் இருக்கிறது, பதினைந்து நிமிடம் ஆகலாம். வெளியே போகாதீர்கள், இணைப்பிலேயே இருங்கள்" என்றார் அழைப்பை எடுத்த பெண். பன்னிரண்டாவது நிமிடம் வந்தார்கள். ஒருவன் ஓடிவிட்டான், மற்றவன் பிடிபட்டான். அவர்கள் வந்துவிட்டதை நான் சொன்ன பிறகுதான் அவர் போனை வைத்தார்.