கயிறு அறவே இல்லை

தண்ணீரில் கிடக்க வேண்டிய ஒன்றை மழையில் நனையாமல் காப்பாற்ற ஒருவன் கூரை போட்டால், அக்கம்பக்கத்தார் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் தெருவிலும் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

ஆனால் நான் கரையில் ஏற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய மரப் படகு. அதற்குக் கடலைவிட மழைதான் எமன். உப்புத் தண்ணீரில் பூஞ்சைக்கு அவ்வளவாகப் பிழைப்பு ஓடாது. மழைத் தண்ணீர் அப்படியில்லை. பலகை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் மக்க ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு, ஈர மரத்தில் எபாக்ஸி என்கிற ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது. இதையெல்லாம் தெருவுக்கே விளக்க முடியுமா? கூரை போடுவது சுலபம்.

பிவிசி குழாய்களை வில்லாக வளைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஓரத்து வளையங்களில் கயிறு கோத்து முளைகளில் கட்டியாயிற்று. கட்டுமானத்துக்குத் தலைமை, என் மச்சான். ஒவ்வொரு முடிச்சையும் காலை ஊன்றி இழுத்து இறுக்கிவிட்டு, "யானையைக் கட்டினாலும் அறாது மாமா" என்றான்.

புயலன்று முதலில் வந்தது மழை. தார்ப்பாய் நடுவில் தொப்பை போட ஆரம்பித்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், பத்து சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்தாலே 400 லிட்டர். அதாவது 400 கிலோ தலைக்கு மேல் தொங்குகிறது. உள்ளே போய்த் துடைப்பக் கட்டையால் அந்தத் தொப்பையை மெல்ல மேலே தள்ளினேன். மறுபக்கம் வழிந்தது. மறுபக்கத்தில் மச்சான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். டார்ச் அணைந்துவிட்டது, அவன் வாய் மட்டும் அணையவில்லை.

அப்புறம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்று படித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கணக்கைக் காதால் கேட்டது அன்றுதான். அடியில் புகுந்த காற்று தார்ப்பாயை உப்ப வைத்துத் தூக்க, ஓரத்து வளையங்கள் டப், டப், டப் என்று வரிசையாகப் பிய்ந்தன. கடைசி டப்புக்குப் பிறகு ஒரே ஒரு 'விஷ்ஷ்ஷ்'. அவ்வளவுதான், தலைக்கு மேல் வானம்.

காலையில் பார்த்தால், மச்சான் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. ஒரு கயிறுகூட அறவில்லை! முளைகளும் அசையவில்லை. ஒவ்வொரு கயிற்று நுனியிலும் ஒரு பித்தளை வளையம் பத்திரமாகத் தொங்கியது. தார்ப்பாய் மட்டும்தான் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்க கூரை இங்கதான் இருக்கு. எங்க கொடிக்கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

படகு நிறையத் தண்ணீர். உள்ளே என் பெயின்ட் பிரஷ், உப்புத்தாள், ஒற்றைச் செருப்பு எல்லாம் ஜாலியாக மிதந்துகொண்டிருந்தன. படகுக்கு வெளியே இருக்க வேண்டிய கடல் உள்ளே இருந்தது. காலிப் படகைத் தாங்க வைத்த முட்டுகள் இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று வயிற்றைக் கலக்க, வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தோம்.

இறைக்கும்போதுதான் கவனித்தேன், பலகை இடுக்குகளில் தண்ணீர் வெளிப்பக்கமாகக் கசிந்துகொண்டிருந்தது. எங்கெல்லாம் பஞ்சு அடைக்க வேண்டும் என்று படகே கையைக் காட்டுகிறது! சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வட்டம் போட்டேன். நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பழைய பலகை ஒரு சொட்டு விடவில்லை. மச்சான் புதிதாக அடித்த பலகைதான் அருவி. அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வட்டத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.

அடுத்த கூரைக்கு நடுவில் முகடு வைத்து நல்ல சரிவாக இறக்குவது என்றும், கயிற்றுக்குப் பதில் கொஞ்சம் இழுபடும் ரப்பர் நாடா கட்டுவது என்றும் முடிவாகியிருக்கிறது. முடிச்சு மட்டும் தன் பொறுப்பு என்று மச்சான் பிடிவாதமாக இருக்கிறான்.

"என்னைக்குக் கட்டப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "கொடியை அவுத்து உள்ள வெச்சிடறேன்."