சொல் விளையாட்டு, ஏழாவது வாரம்: இரண்டு ‘தோட்டம்’ ஒன்றானது

நானும் நண்பர் ஒருவரும் தமிழில் ஒரு சொல் ஊகிக்கும் விளையாட்டை எழுதிவருகிறோம். நேற்று இரவு பதினொன்றரைக்கு அதில் ‘தோட்டம்’ என்று தட்டினேன். நான்கு கட்டமும் பச்சை. பன்னிரண்டு நாளாக முதல் கட்டம் மட்டும் நீலமாகவே வந்துகொண்டிருந்தது. நேற்றுத்தான் தீர்ந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீலம் என்றால் என்ன என்று புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து சொல்லில் இருக்கிறது, இடம் வேறு என்றால் மஞ்சள். மெய் சரி, உயிர் வேறு என்றால் நீலம். மறைத்து வைத்த சொல்லில் ‘தோ’ இருக்க, நீங்கள் ‘தா’ என்று போட்டால் நீலம். தமிழில் சொல் ஊகிக்கும் விளையாட்டு செய்தால் இந்த நீலம் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. நீலம் இல்லாமல் ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கச் சொல்வது ஆடுபவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். விடை தோட்டம். தட்டியதும் தோட்டம். திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. எழுத்து எண்ணிக்கையும் இரண்டுக்கும் நான்குதான். ஆனாலும் முதல் கட்டம் நீலம். அதாவது ‘மெய் சரி, உயிர் தவறு’ என்று என் நிரலே சொல்கிறது. உண்மையில் அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

எழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் கணினியில் ஒரு எண் உண்டு. நான் நிரல் எழுதும் பைத்தான் மொழியின் ‘ஆர்ட்’ கொண்டு அந்த எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். நான் தட்டியது 2980, 3019 என்று தொடங்கியது. தரவுத்தளத்தில் இருந்தது 2980, 3015, 3006. அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றே: 2975, 3021, 2975, 2990, 3021. நான் தட்டியதில் ஓகாரக் குறி ஒரே துண்டு. பட்டியலில் இருந்ததில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டுமே செல்லும், இரண்டும் சமம் என்றுதான் அதன் விதியும் சொல்கிறது. ஆனால் இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிடும்போது பைத்தான் அந்த விதியைப் பார்ப்பதில்லை. எண்களை மட்டுமே பார்க்கிறது. ஒ, ஓ, ஔ மூன்றின் உயிர்மெய்களுக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு.

பட்டியலில் அது எப்படி வந்தது என்பதும் பிறகு தெரிந்தது. என்னிடம் இருந்த சொற்பட்டியல்களில் ஒன்று, பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து மாற்றப்பட்டது. அந்தக் காலத்துக் குறியாக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் தட்டுவார்கள்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால். மாற்றும் நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டால், கொம்பும் காலும் இப்படிப் பிரிந்தே கிடக்கும். விக்சனரியின் தரவுக் கோப்பிலிருந்து எடுத்த சொற்களில் இந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. ஆனால் அதில் ஆங்கிலத் தலைச்சொற்கள் ஏராளம். முதலில் அவற்றை வடிகட்ட வேண்டும். சொற்பட்டியல் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள், உரிமக் குறிப்பை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இதற்கு மருந்து நிரல் எழுதுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: என்எஃப்சி, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே துண்டாக்கும் யூனிகோட் முறை. ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்று ஒரே வரி. எனக்கும் அது முதல் நாளே தெரியும். விளையாட்டை ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் சட்டகம்) எழுதுகிறோம். சொல்லைத் தரவுத்தளத்தில் வைக்கும் மாடலின் ‘சேவ்’ முறைக்குள் அந்த வரியைப் போட்டேன், சரிபார்க்க டெஸ்ட் எழுதினேன், அது தேறியது, மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்தேன். உலாவியில் மட்டும் நீலம் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் போனது இந்த இடத்தில்தான்.

எங்கெல்லாம் தேடினேன் என்று சொன்னால் வேறு யாருக்காவது நேரம் மிச்சமாகும். உலாவிப் பக்கம் சந்தேகப்பட்டு ஜாவாஸ்கிரிப்டிலும் ‘நார்மலைஸ்’ போட்டேன். எழுத்துப் பிரிக்கும் ஃபங்ஷனைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை திருப்பி எழுதினேன். தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் ஏதோ மாற்றுகிறது என்று நினைத்து அதன் அமைப்புகளில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அது எதையும் மாற்றவில்லை. கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தது நான் இல்லை, நண்பர். நாங்கள் இரண்டே பேர்தான் இதைச் செய்கிறோம். ஆனாலும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை மற்றவர் பார்த்து ஏற்கக் கேட்கும் கோரிக்கை) இல்லாமல் எதுவும் முதன்மைக் கிளைக்கு, அதாவது நிரலின் பொதுப் பிரதிக்கு, போகக் கூடாது என்று மூன்றாவது வாரத்தில் முடிவு செய்திருந்தோம். ரிவ்யூவில் ஒரு வரி கேட்டிருந்தார்: “டெஸ்ட்ல சொல்லை எப்படிச் சேர்க்குறீங்க, நிஜத்துல எப்படிச் சேர்க்குறீங்க?”

டெஸ்டில் ஒவ்வொரு சொல்லாக ‘கிரியேட்’ செய்கிறேன். அது ‘சேவ்’ வழியாகப் போகும். நிஜத்தில் ஆயிரக்கணக்கான சொற்கள் என்பதால் மொத்தமாகச் சேர்க்கும் ‘பல்க் கிரியேட்’. ஜாங்கோவில் பல்க் கிரியேட் ‘சேவ்’ முறையைக் கூப்பிடவே கூப்பிடாது. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க அவருடைய அந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது.

இப்போது அந்த வரியை மாடலிலிருந்து எடுத்து, அதில் சொல் இருக்கும் புலமான ஃபீல்டுக்குள் வைத்துவிட்டேன். ‘கேரக்டர் ஃபீல்ட்’ வகுப்பிலிருந்து ஒரு துணை வகுப்பு, அதில் ‘கெட் ப்ரெப் வேல்யூ’ முறையை மட்டும் மாற்றி எழுதினேன், மொத்தம் ஆறு வரி. தனியாகச் சேமித்தாலும், மொத்தமாகச் சேர்த்தாலும், ‘ஃபில்டர்’ போட்டுத் தேடினாலும் மதிப்பு அந்த வாசல் வழியாகத்தான் தரவுத்தளத்துக்குப் போகும். தேடும் சொல்லையும் அதுவே சரிசெய்து அனுப்புகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இனி வ்யூவில் (உலாவிக்குப் பதில் தரும் நிரல்பகுதி) எங்கும் ‘நார்மலைஸ்’ என்ற சொல்லே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஒன்று மட்டும் கவனம்: எடுத்துத் தரும்போது அந்த முறை ஓடாது, உள்ளே போகும்போதுதான். அதனால் ஏற்கெனவே உள்ளே கிடக்கும் சொற்களை ஒருமுறை எடுத்துத் திரும்பப் போட வேண்டும்.

அதற்கு ஒரு டேட்டா மைக்ரேஷன், அதாவது தரவுத்தளத்தில் இருப்பதை ஒருமுறை ஓடி மாற்றும் நிரல். இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. மைக்ரேஷனுக்குள் ஜாங்கோ தருவது அந்தக் கட்டத்தின் மாடல் வடிவம். அதில் நாம் எழுதிய ‘சேவ்’ மாதிரியான முறைகள் இருக்காது. பழையபடி வைத்திருந்தால் மைக்ரேஷனும் ஓடி முடிந்திருக்கும், ஒரு சொல்லும் மாறியிருக்காது. ஃபீல்ட் வகுப்பு மட்டும் மைக்ரேஷனுக்குள்ளும் அப்படியே வரும். அதனால் இந்த முறை பிழைத்தேன். பிறகு, ஒரே சொல் இருமுறை வரக் கூடாது என்ற தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுத்தது. 37 சொற்கள் இரு வடிவத்திலும் பட்டியலில் இருந்திருக்கின்றன, ஒன்றாக்கினால் இரட்டை. முதலில் அந்த இரட்டைகளை நீக்கி, பிறகு மீதியைச் சரிசெய்தேன்.

எழுத்துப் பிரிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டே அதன்மேல்தான் நிற்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று முதல் வாரத்தில் மூன்று மொழிகளில் கேட்டுப் பார்த்தேன். கோ மொழியில் ‘லென்’ 15 என்றது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவின் பைட்டுகளை எண்ணுகிறது, ஒரு குறிக்கு 3 பைட். பைத்தான் 5 என்றது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்விஃப்ட் மட்டும் 3 என்று சரியாகச் சொன்னது. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் எதை எண்ணி விடை சொல்கிறது என்று பார்ப்பது, எந்தப் பாடத்தையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. மொழி கற்பவர்கள் நம் சொல் ஒன்றைக் கொடுத்து இதைச் செய்துபாருங்கள். பைத்தானில் ‘தமிழ்’ என்பதைப் பின்னிருந்து அச்சிட்டால் முதலில் ஒரு புள்ளி தனியாக நிற்கும், ம-வின் இகரம் ழ-வில் ஏறி ‘ழி’ ஆகிவிடும், பிறகு ம, த. உயிர்க்குறி தனிக் குறி என்பதை அந்த ஒரு வரி கண்முன்னே காட்டிவிடும்.

உரையில் வடிவம் தேடப் பைத்தானோடு வரும் ‘ஆர்இ’ தொகுதியை இதற்கு நம்பாதீர்கள். சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் அதன் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ அதன் கையில் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைகிறது. தனியாக நிறுவும் ‘ரீஜெக்ஸ்’ தொகுதியில் முழு எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் எக்ஸ் இருக்கிறது, அது த, மி, ழ் என்று அழகாகப் பிரித்துத் தரும். உலாவிப் பக்கம் ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்ட்ல் செக்மென்டர்’ அதே வேலையைச் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் 2024-இல் வந்துவிட்டதால் தயங்காமல் பயன்படுத்தலாம். எல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்றால் ‘ஓப்பன் தமிழ்’ நூலகத்தில் எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. நான் கற்பதற்காகச் செய்வதால் சொந்தமாக எழுதினேன்.

க்ஷ-வில் மட்டும் எங்கள் இருவருக்கும் நீண்ட விவாதம். பேக்ஸ்லாஷ் எக்ஸ் அதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கிறது. 247-இல் அது இல்லை, ஆகவே இரண்டு என்பது நண்பரின் வாதம். தமிழ்99 விசைப்பலகையில் அதற்குத் தனி விசையே இருக்கிறது, தட்டுபவர் ஒரே எழுத்தாகத்தான் நினைப்பார் என்பது என் வாதம். கடைசியில் ஒரே எழுத்து என்று வைத்து, ஸ்ரீ-யையும் அதோடு சேர்த்தோம். முடிவு செய்த காரணத்தை கமிட் செய்தியிலேயே நான்கு வரி எழுதிவைத்தேன். ஆறு மாதம் கழித்து ‘இது ஏன் இப்படி’ என்று நாங்களே கேட்போம். அப்போது ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ போட்டால் பதில் கிடைக்கும்.

அகரத்துக்கும் ஒரு சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ‘த’ என்பது த் + அ. ஆனால் அந்த அகரத்துக்குக் குறியே கிடையாது. எனவே குறி எதுவும் இல்லாவிட்டால் அ, புள்ளி இருந்தால் உயிரே இல்லை என்று தனியாக எழுதினேன். இந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் 40 டெஸ்ட் இருக்கிறது, டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டில் ‘பாராமெட்ரைஸ்’ போட்டு ஒரே அட்டவணையாக. புதிதாக ஒரு சொல் தகராறு செய்தால் அட்டவணையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

அடுத்து அகரவரிசை. பைத்தானில் வரிசைப்படுத்தும் ‘சார்ட்டட்’ ன-வை ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது, ஏனென்றால் குறியெண் அப்படி. போஸ்ட்கிரெஸில் ஐசியூ (மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் நூலகம்) வரிசையைத் தமிழுக்கு அமைத்துப் பார்க்க நினைத்திருக்கிறேன். அதற்குத் தனிக் கிளையும் திறந்தாயிற்று. ஆனால் அதைத் தொடும் முன் ஔகார வேலையை முடிக்க வேண்டும்.

அதுதான் என்எஃப்சி தீர்க்காத பகுதி. ‘கௌரவம்’ என்பதைப் பலர் ‘கெளரவம்’ என்று கொம்பும் ள-வும் போட்டுத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னதில் நான்கு எழுத்து, பின்னதில் ஐந்து. யூனிகோடுக்கு இவை இரண்டு வேறு சொற்கள், அது சரியும்கூட. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘கெளுத்தி’யும் ‘தெளிவு’ம் கெட்டுவிடும். அதனால் கொம்புக்குப் பின் வரும் ள-வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடுவதில்லை. வெறும் ள வந்தால் சந்தேகப் பட்டியலுக்கு அனுப்புகிறேன். அந்தப் பட்டியலை ஒவ்வொரு சொல்லாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ‘பெளர்ணமி’ வரை பார்த்தாயிற்று. மெ, யெ, வெ மூன்றும் இந்த வார இறுதிக்கு.