தண்ணீர்விட்டான் கிழங்கு

சதாவரி என்று ஆயுர்வேதம் அழைக்கும் தண்ணீர்விட்டான் கொடியை அழகுக்காகத் தொட்டியில் வளர்ப்பவர்களில் பலர், அது மண்ணுக்குள் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்ததே இல்லை. ஊசிபோல் மெலிந்து தெரிபவை உண்மையில் இலைகளே அல்ல, இலையின் வேலையைச் செய்யும் சிறு தண்டுகள். வேரைத் தோண்டினால், விரல் பருமனில், இரு முனையும் கூம்பிய வெளிர்நிறக் கிழங்குகள் கொத்தாக வெளிவரும். சதாவரி என்ற பெயரில் உள்ள 'சதம்' என்றால் நூறு. அந்தக் கொத்தைக் கண்டவர்கள் பெயரை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவிய பின், வழவழப்பான சதையை மட்டும் உலர்த்திப் பொடிக்க வேண்டும் (பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்). இனிப்பும் மெல்லிய கசப்பும் கலந்த இப்பொடியைப் பாலில் காய்ச்சி, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கவும், உடற்சூடு, வயிற்றெரிச்சல், நீர்க்கடுப்பு தணியவும் கொடுப்பது வழக்கம். சித்த மருத்துவத்தில் நெய்யாகவும் லேகியமாகவும் செய்வார்கள். இதிலுள்ள சதாவரின் எனும் சபோனின்களே (நீரில் நுரைக்கும் தாவரச் சேர்மங்கள்) ஆய்வாளர்கள் அதிகம் கவனித்தவை. பால் சுரப்புக்கான சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்கறி ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஆகாது, ஏனெனில் இரண்டும் ஒரே பேரினம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.