மெஷின் சீட்டை மட்டும் நம்பிப் பிள்ளைக்குக் கண்ணாடி போடாதீங்க

மும்பையில, குறிப்பா தாராவி, சயான் பக்கம் இருந்துக்கிட்டு சின்னப் பிள்ளைக்கு முதல்முறையா கண்ணாடி எடுக்கப் போறவங்களுக்காக எழுதுறேன். என் ஏழு வயசுப் பொண்ணுக்கு இப்போ சரியான கண்ணாடி கிடைச்சிருச்சு. ஆனா நடந்ததை நினைச்சா இன்னும் ஆத்திரம் அடங்கலை.

ஸ்கூல் விட்டு வந்ததும் தலைவலின்னு படுத்துக்குவா. ஹோம்வொர்க் எழுதும்போது இடது கண் லேசா மூக்குப் பக்கம் ஒதுங்கும். சஷ்மா (மூக்குக்கண்ணாடி) கடையில, கண் பவரை அளக்கிற மெஷின்ல தாடையை வைக்கச் சொன்னாங்க, சீட்டு வந்துச்சு, ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 0.75, அதாவது கிட்டப்பார்வைன்னு. கண் ஒதுங்குதேன்னு கேட்டேன். "கண்ணாடி போட்டா சரியாயிடும்"னு சொல்லிட்டு ஃப்ரேம் காட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அதைப் போட்டதுல இருந்து தலைவலி கூடிப்போச்சு.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. கேஸ் பேப்பர், அதான் ஆஸ்பத்திரிச் சீட்டு, எடுக்கவே காலை போயிருச்சு. ஜன்னல்ல இருந்தவர், "கண் டாக்டர் இன்னைக்கு இல்லை, வேற நாள் வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார். அன்னைக்கு உள்ளே, பார்வையைச் சோதிக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்திருக்காங்க, நாங்க முதல்ல பார்க்க வேண்டியதே அவங்களைத்தான்! அடுத்த தடவை ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. அரைநாள் கூலியை விட்டுட்டு வர்றவங்களை ஒரு வார்த்தை கேட்காம அனுப்புறது என்ன நியாயம்?

அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பொறுமையா விளக்குனாங்க. பார்வையைச் சோதிச்சு பவர் கண்டுபிடிக்கிறது, ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு பார்க்கிறது, சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட அனுப்புறது அவங்க வேலை. அதுக்குன்னே பயிற்சியோட சேர்த்து நாலு வருஷப் பட்டப்படிப்பு. கண் டாக்டர் எம்பிபிஎஸ் முடிச்சு, அதுக்கு மேல கண் மருத்துவம் படிச்சவர். நோய்க்கு மருந்து, ஆபரேஷன் எல்லாம் அவர். ஆப்டிஷியன், கொடுத்த சீட்டுப்படி லென்ஸ் வெட்டி ஃப்ரேம்ல பொருத்துறவர். சில கடையில ஆப்டோமெட்ரிஸ்டும் இருப்பாங்க. அதனால மெஷின் பக்கத்துல நிற்கிறவர் என்ன படிச்சிருக்கார்னு கூச்சப்படாம கேளுங்க.

பிள்ளைங்க மெஷினுக்குள்ள பார்க்கும்போது, கிட்டத்துல பார்க்கிற மாதிரி கண்ணை இறுக்கிக்குவாங்களாம். அதனால பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை, இருக்கிற கண்ணுக்குக்கூட மைனஸ்னு காட்டிடும். அந்த இறுக்கத்தைத் தளர்த்த, டாக்டர் எழுதிக்கொடுத்த அட்ரோபின் ஆயின்ட்மென்ட்டை வீட்டுல மூணு நாள் போட்டுட்டுப் போனோம். ரெட்டினாஸ்கோப் வெளிச்சத்தைக் கண்ணுல அடிச்சு, முன்னால லென்ஸை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. பிளஸ் 2.50! கடைக்காரங்க கொடுத்தது நேர் எதிர். பிளஸ் கண் கிட்டத்துல பார்க்கக் கூடுதலா இறுக்குறதாலதான் உள்ளே ஒதுங்குதுன்னு சொன்னாங்க. டாக்டர் விழித்திரையைப் பார்த்துட்டு, கண்ணாடி போதும், ஆபரேஷன் வேண்டாம்னுட்டார். அங்கேயே அழுதுட்டேன்.

அந்த ஆயின்ட்மென்ட்டைப் பரீட்சை நேரத்துல ஆரம்பிக்காதீங்க. ஒரு வாரத்துக்கு மேலயும் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் கேட்டு வாங்கிக்கோங்க. போட்டதும் மூக்கோரக் கண் மூலையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. முகம் சிவந்து காய்ச்சல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

இவ்வளவுக்கும் பிறகு, புதுக் கண்ணாடியிலயும் ஒரு வில்லங்கம். கருவிழிகளுக்கு நடுவுல உள்ள தூரத்தை, PD-ன்னு சொல்வாங்க, அதைக் கடையில சரியா அளக்காம லென்ஸ் போட்டுட்டாங்க. ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணாடியை லென்ஸோமீட்டர்னு லென்ஸை அளக்கிற கருவியில வச்சுப் பார்த்து, ரெண்டு லென்ஸோட மையமும் தள்ளியிருக்குன்னு கேஸ் பேப்பர்லயே எழுதிக் கொடுத்தாங்க. அதைக் காட்டினதும் கடையில காசு வாங்காம மாத்திக் கொடுத்தாங்க. எந்தக் கடையில எடுத்தாலும், கண்ணாடியை ஒருமுறை டெஸ்ட் பண்ணினவங்ககிட்டயே கொண்டுபோய்க் காட்டிடுங்க.