உச்சிப்பொழுது: ஒரு சிறிய பேய்ப் படத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025

தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கும் தொகைக்குள் இரவுப் படப்பிடிப்பு கட்டுப்படியாகாது என்பது இன்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. ஜெனரேட்டர் வண்டி, அதற்கு டீசல், விளக்குகளின் வாடகை, லைட்மேன்களுக்கு இரவுக் கால்ஷீட், பேட்டா, நள்ளிரவுச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தால் பட்ஜெட்டில் பெரும்பகுதி இருட்டை உண்டாக்குவதற்கே போய்விடுகிறது.

அப்படியானால் இருட்டே வேண்டாம் என்று நானும் ஒளிப்பதிவாளரும் முடிவு செய்தோம். டெல்டா கிராமங்களில் வளர்ந்த எவருக்கும் நள்ளிரவு மட்டுமே பேய்க்கு உரிய வேளை என்ற எண்ணம் இருக்காது. உச்சிப்பொழுதில் தனியாகக் குளத்துக்குப் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்காதே என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஊரே உண்டு படுத்து, தெருவில் நாய்கூட நடமாடாத அந்த நேரம்தான் முனி வேட்டைக்குப் புறப்படும் நேரம் என்பார்கள். நடுப்பகலின் அச்சத்தை நம் திரைப்படங்கள் மிகக் குறைவாகவே தொட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். விளக்கு வாடகையும் மிச்சம் என்பதால் தயாரிப்பாளருக்கும் மறுப்பில்லை.

கதை ஏற்கெனவே கையில் இருந்ததுதான். மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலை. அதன் காவலாளியான தாத்தாவோடு விடுமுறையைக் கழிக்க வரும் ஒன்பது வயதுச் சிறுமி. ஆளில்லாத நெற்களத்தில் யாரோ காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போகும் ஓசை. அந்த ஓசை இரவில் கேட்பதாக எழுதியிருந்தேன். இப்போது பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 23

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே ஓர் ஆலை கிடைத்திருக்கிறது. அரைவை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. நெல் அவித்த தொட்டிகள் வெடித்திருக்கின்றன; புகைபோக்கியின் உச்சியில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. கூரைக்குக் கீழே ஒரே நீள இரும்புத் தண்டும், அதில் வரிசையாகக் கோத்த சக்கரங்களும், அவற்றில் இரண்டில் மட்டும் அறுந்து தொங்கும் பெல்ட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரே மோட்டார் அந்தத் தண்டைச் சுழற்ற, அதிலிருந்து பெல்ட் வழியாக எல்லா இயந்திரங்களும் ஓடிய காலத்து அமைப்பு அது. பின்புறம் சிமெண்டுக் களம். அக்கம்பக்கத்து விவசாயிகள் இன்றும் அங்கே நெல் காயவைக்கிறார்கள் என்பதால் களம் மட்டும் துப்புரவாக இருக்கிறது.

களத்தின் நடுவில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒளிப்பதிவாளருக்கு நிழலில்லா நாள் நினைவுக்கு வந்தது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரு நாள் மட்டும் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் அது நிகழும். இந்த ஆலை இருக்கும் அட்சரேகைக்கு ஏப்ரல் 17. நேரம் 12 மணி 11 நிமிடத்தை ஒட்டி. அடுத்தது ஆகஸ்டு இறுதியில்தான். ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு ஒரு சென்டிமீட்டர் நிழல்கூட விழாது என்பதால், 16, 17, 18 ஆகிய மூன்று நாள்களும் நமக்கு உதவும்.

பேய்க்கு நிழல் கிடையாது என்று சொல்லித்தான் நம்மைப் பயமுறுத்தினார்கள். கணினி வரைகலைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், நிழலே இல்லாத ஒரு பெண்ணைப் பட்டப்பகலில் களத்தில் நிறுத்த முடியும் என்றால், மொத்தப் படப்பிடிப்பையும் அந்த மூன்று நண்பகல்களைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும்.

மார்ச் 8

திரைக்கதையில் இன்று வெட்டியவை: தாத்தாவின் பீடி, ஆட்டுக்குட்டி.

புகைபிடிக்கும் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும் என்பது விதி. சிறுமி முதன்முதலாக ஓசையைக் கேட்கும் இடத்தில் தாத்தா பீடி பற்றவைப்பதாக எழுதியிருந்தேன். பார்வையாளர் தம் முழுக் கவனத்தையும் களத்தின் மீது வைத்திருக்க வேண்டிய நொடியில் அவர் கண் வாசகத்தைப் படிக்கப் போய்விடும். அதனால் தாத்தாவுக்குக் கையில் ஒரு டீ டம்ளர் போதும். ஆட்டுக்குட்டியை நடிக்கவைக்க விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதியும் பிறகு தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். இரண்டு ஷாட்டுக்காக அவ்வளவு காத்திருக்க நம்மிடம் நாள் இல்லை.

சிறுமியின் நேரத்தைப் பொறுத்தவரை எந்தச் சமரசத்துக்கும் நான் தயாராக இல்லை. குழந்தை நடிகர்களுக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். சிறிய படம் என்பதால் இவற்றை யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். பேய்ப் படத்தில் ஒரு குழந்தையை நடிக்கவைக்கும்போது அந்தக் குழந்தைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. கேட்பார் இல்லை என்பதற்காக அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

மார்ச் 25

ஒலியை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கைவிட்டோம். இந்தப் படத்தில் பேய் என்பதே ஓர் ஓசைதான். அதைக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து உண்டாக்கினால் களத்தின் வெயில் அதில் இருக்காது. எனவே படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு.

அதற்கு ஊரும் ஒத்துழைக்க வேண்டும். பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. இரண்டுக்கும் கோயில் ஒலிபெருக்கி உண்டு. அவை முடிந்து 15ஆம் தேதி தொடங்கினால் அமைதி கிடைக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து அரை மணி நேரம் மட்டும் களத்துப் பக்கம் டிராக்டர் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். அதைத் தவிர வேறொன்றும் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒலிப்பதிவாளர் ஆலையின் ஒவ்வோர் அறையிலும் ஆள்கள் அசையாமல் நிற்க, யாரும் பேசாதபோது அந்த அறையில் இருக்கும் ஓசையை, அதாவது வெற்றொலியை, ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டார். நெல்லின் உமியை நீக்கும் ஹல்லர் இயந்திரம் இருந்த அறையில் புறாக்கள். அவியல் தொட்டிப் பக்கம் தகரம் வெயிலில் விரியும் டக்கென்ற சத்தம். உமிக் கிடங்கில் ஒன்றுமே இல்லை. பழைய உமி ஓசையை அவ்வளவு உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே நின்றால் நம் மூச்சுக்காற்றே காதுக்குப் பக்கத்தில் வேறொருவர் விடுவதுபோல் கேட்கிறது. சிறுமி ஒளிந்துகொள்ளும் இடத்தை அந்தக் கிடங்குக்கு மாற்றி எழுதினேன்.

ஏப்ரல் 6

களத்து வேலையில் ஆயுளைக் கழித்த ஓர் அம்மாள், பேயாக வரும் எங்கள் நடிகைக்கு நெல் கிளறக் கற்றுக்கொடுக்க வந்தார். காயும் நெல்லைப் புரட்டக் களத்துப் பெண்கள் கையைப் பயன்படுத்துவதில்லை; இரு பாதங்களையும் நெல்லுக்குள் புதைத்து, தூக்காமல் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். பின்னால் இரண்டு சால்கள் விழும். நடிகை எட்டுவைத்து நடந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “காலைத் தூக்காதே பாப்பா, இழுத்துக்கிட்டுப் போ. நெல்லு உன்கூடவே வரணும்.” பிறகு தாமே இறங்கி நடந்து காட்டினார். சர்ர்… சர்ர்… என்று ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி. திரும்பும் இடத்தில் மட்டும் அது நீள்கிறது. ஒலிப்பதிவாளர் மைக்கை அவர் கணுக்காலுக்கு அருகில் பிடித்தபடி குனிந்தே கூட நடந்தார். அந்தத் திரும்பும் இடைவெளிதான் எங்கள் படத்தின் மிகப் பயங்கரமான நொடியாக இருக்கப்போகிறது. ஓசை நின்றுவிட்டதா, நம் பக்கம் திரும்பிவிட்டதா என்று தெரியாத நொடி அது.

யாரும் இல்லாமல் சால் மட்டும் விழும் ஷாட்டுக்கு உள்ளூர்த் தச்சர் பாத அளவில் நான்கு பனங்கட்டைகளைச் செதுக்கித் தந்திருக்கிறார். கட்டையை நெல்லுக்கடியில் புதைத்து, தூண்டில் நரம்பைக் கட்டி, கேமராவின் சட்டகத்துக்கு வெளியிலிருந்து இருவர் மாறி மாறி இழுக்க வேண்டும். சோதனையில் இயந்திரத்தனமாகத்தான் வந்தது. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று, “இப்ப இடது… இரு… இப்ப வலது” என்று தாளம் சொன்னதும் கட்டைகளுக்கு உயிர் வந்துவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த உதவி இயக்குநரே நரம்பைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

நெல் 40 மூட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். மூட்டைக்கு 40 கிலோ. மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரைக்கூட முழுதாக மூடாது. சட்டகமும் அந்த அளவுக்குள் நின்றுவிடும்.

ஏப்ரல் 15

முதல் நாள். கதையில் மிஞ்சியிருந்த, அறைக்குள் நடக்கும் சிறுமியின் இரவுக் காட்சிகள் இரண்டையும் காலையிலேயே எடுத்தோம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு டியூப்லைட்டை எரியவிட்டோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பிரேமிலும் கேமராவுக்குள் எவ்வளவு நேரம் ஒளி விழும் என்பதை ஷட்டரின் கோணம் முடிவு செய்கிறது. நொடிக்கு 24 பிரேமில் வழக்கமான 180 டிகிரி ஷட்டரை வைத்தால் பழைய சோக்குடன் எரியும் டியூப்லைட் திரையில் அலையடிக்கும். 172.8 டிகிரிக்கு இறக்கினால் ஷட்டர் சரியாக ஐம்பதில் ஒரு நொடியாகி, அலை அடங்கிவிடும். கடைசிக் காட்சியில் மட்டும் வேண்டுமென்றே 180க்கு ஏற்றினோம். சுவரே மெல்ல மூச்சுவிடுவதுபோல் ஒரு துடிப்பு கிடைத்தது.

சிறுமியைப் பயமுறுத்தி நடிப்பு வாங்குவதில்லை என்பது முதலிலேயே பேசிக்கொண்டது. பின்னாலிருந்து திடீரெனத் தட்டைப் போட்டு ஓசை எழுப்பலாம் என்று யாரும் யோசனைகூடச் சொல்லக் கூடாது. “ஹல்லர் ரூம்ல எத்தனை புறா சத்தம் கேக்குதுன்னு மட்டும் எண்ணிச் சொல்லு” என்று கேட்டேன். கண்ணை எங்கோ நிறுத்தி, உதடு அசையாமல், தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து அவள் எண்ணிக்கொண்டிருந்த அந்த முகம் முழு டேக்குக்கும் கலையவில்லை. “கட்” சொன்னதும், “மூணு மாமா. ஒண்ணு தூங்கிருச்சு” என்றாள். பயப்படுவது பார்வையாளரின் வேலை. அவள் உற்றுக் கேட்டால் போதும்.

ஏப்ரல் 16

ஒத்திகையாக எடுத்த ஷாட்டே பயன்படும்போல் இருக்கிறது. டிரோன் எடுத்துவந்திருந்த நண்பர் நேர் மேலிருந்து ஒரு ஷாட் எடுத்துப் பார்த்தார். சூரியன் தலைக்கு நேரே இருப்பதால் டிரோனின் நிழல் நடிகையின் பக்கத்திலேயே விழுகிறது; அதன் இரைச்சலும் ஒலிப்பதிவைக் கெடுக்கிறது. நாளை கேமரா ஆலையின் மொட்டைமாடிக்கு ஏறும்.

ஏப்ரல் 17

பதினொன்றரைக்கே எல்லோரும் அவரவர் இடத்தில். நடிகை நிற்கும் இடத்திலும் வந்து சேரும் இடத்திலும் நனைத்த சாக்குகளை விரித்து, மேலே நெல்லைத் தூவி மறைத்தோம். தோல்நிறக் காலுறையும் போட்டிருந்தார். ஆயினும் சித்திரை வெயிலில் சிமெண்டுக் களம் என்ன சுடு சுடும் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். கடைசி நிமிடம்வரை அவருக்குக் குடை பிடித்திருந்தோம். சிறுமிக்கு இன்று களத்தில் வேலை இல்லை.

12 மணி 5 நிமிடம் ஆனபோது களத்தோரம் நட்டிருந்த குச்சியின் நிழல் ஒரு விரற்கடை. பிறகு அரிசிமணி அளவு. பிறகு இல்லை. அந்தச் சில நிமிடங்களில் எடுத்தவற்றைக் கொண்டுதான் படம் நிற்கிறது.

நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துப்போகும், முகம் மண்டையோடுபோல் தெரியும் என்றுதான் ஒளிப்பதிவாளர் கணக்கிட்டிருந்தார். ரிப்ளெக்டர் எதுவும் வேண்டாம் என்று சொன்னதும் அதனால்தான். ஆனால் பரப்பியிருந்த நெல் முழுதும் சேர்ந்து வெயிலை மேல்நோக்கித் திருப்பி அடித்தது. மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துளைகளிலும் புருவத்தின் கீழ்விளிம்பிலும் ஒரு மஞ்சள் வெளிச்சம். கீழிருந்து விளக்குப் பிடித்தால் வரும் முகம். காலுக்குக் கீழே நிழலும் இல்லை. மானிட்டரைச் சுற்றி நின்ற யாரும் ஒன்றும் பேசவில்லை. பயிற்சி கொடுத்த அம்மாள் மட்டும் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “அவள வரச் சொல்லு தம்பி, போதும்” என்றார்.

ஏப்ரல் 18

இன்று சால் விழும் ஷாட். மேகம் ஒன்று குறுக்கே வந்து பாதி நேரத்தைத் தின்றுவிட்டது. இருந்த வெளிச்சத்தில் தேவையான நீளத்துக்குக் கிடைத்தது. நெல்லைத் தூற்றி, கட்டைத் துணுக்கு ஒன்றும் கலக்காமல் மூட்டை கட்டி எடைபோட்டு மாலையில் திருப்பிக் கொடுத்தோம்.

மே 11

எடிட்டிங்கில் சால் விழும் காட்சி 70 நொடி ஓடுகிறது. பாதியாகக் குறைத்து அடியில் இசை போடலாம் என்பது எடிட்டரின் கருத்து. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வைச் சேர்க்கலாமா என்று ஒலிக்கலவை செய்பவர் கேட்டார். இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாடுவதாக ஊழியர்கள் உணர்ந்ததற்கு, அங்கிருந்த மின்விசிறி எழுப்பிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த விக் டேண்டி என்ற பொறியாளர் 1998இல் எழுதிய கட்டுரையை அவர் படித்திருக்கிறார். படிக்கச் சுவையான செய்திதான். ஆனால் சிற்றூர்த் திரையரங்கின் ஒலிபெருக்கிகள் அவ்வளவு தாழ்ந்த அலையை எழுப்பா. அந்த அம்மாளின் கால்கள் எழுப்பும் ஓசையை எந்தத் திரையரங்கும் எழுப்பிவிடும்.

இசை இல்லாமல் 70 நொடியும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். முதலில் பாதங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும்; திரும்பும் இடத்தில் ஓசை நிற்கும்; பிறகு பின்பக்க ஒலிபெருக்கிகளில் மட்டும் தொடங்கும். தணிக்கைக்கு யுஏ 13+ (13 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என்ற சான்று) கேட்டு விண்ணப்பிக்கிறோம். ரத்தம் ஒரு துளியும் இல்லாத படத்துக்கு அது கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். கலவை முடிந்ததும் முதல் பிரதியை மன்னார்குடியில் ஒரு திரையரங்கில் காலைக் காட்சிக்கு முன்பு போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். களத்து அம்மாளையும் தச்சரையும் அழைத்துவரக் காருக்குச் சொல்லியாகிவிட்டது.