தச்சரின் முழங்கை வலி

தச்சு வேலையில் பல வருடங்கள் ஊறியவர்களின் வலது முழங்கையை எடுத்து, அதன் வெளிப்புறம் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் விரலால் அழுத்தினால், முகம் சுளிக்காதவர்கள் குறைவு. டாக்டர் சீட்டில் இது டென்னிஸ் எல்போ என்று இருக்கும். பட்டறையில் "கை விட்டுப்போகுது" என்பதோடு சரி. தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்கும்போதும், துணியைப் பிழியும்போதும் சுரீரென்று இழுக்கும். உள்ளங்கை கீழே பார்க்க ஒரு நாற்காலியைத் தூக்கினால் வலிக்கும். அதே நாற்காலியை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் அவ்வளவு வலிக்காது.

வலி முழங்கையில் இருந்தாலும் அதற்கான காரணம் பெரும்பாலும் பிடியில்தான் இருக்கிறது. உளியை அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளியை இறுகப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உட்புறமாக இழுக்கின்றன. அது மடங்கிவிடாமல் புறங்கைப் பக்கத்திலிருந்து இழுத்து நிறுத்தும் தசைகளில் பெரும்பாலானவை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் வழியாக, அந்த எலும்பு முனையில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே ஒவ்வொரு பிடிப்பும் அந்த முனையில் ஓர் இழுப்பு. நாள் முழுக்க அடித்தால் எத்தனை இழுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம் உள்ள தச்சர் உளியையோ இழைப்புளியையோ தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்பதில்லை. அவரையும் இறுக்கிப் பிடிக்க வைப்பது மழுங்கிய உளி, வியர்வையில் வழுக்கும் மெல்லிய கைப்பிடி, உயரம் சரியில்லாத மேசை ஆகியவைதான். சாணைக்கல்லில் செலவாகும் பத்து நிமிடத்தை வீண் என்று நினைக்கும் மேஸ்திரிகள், அந்தப் பத்து நிமிடம் தசைநாரில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கினாலே பிடியின் இறுக்கம் குறையும். டிரில்லிங் மெஷின் வந்த பிறகு திருப்புளி திருகும் வேலை குறைந்தது உண்மை. ஆனால் லாஃப்ட் கதவுக்குக் கையை நீட்டி, மெஷினின் எடையையும் அதிர்வையும் தாங்கிக்கொண்டு நிற்பது வேறொரு சுமை. அதிரும் பொருளை நம்மை அறியாமலே கை கூடுதலாக இறுக்கும்.

இது இந்தக் காலத்து நோயும் அல்ல. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் எழுத்தர்களின் கை பாழாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1713ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

நாள்பட்ட வலியில் தசைநார் வீங்கியிருப்பதைவிட நைந்துபோயிருப்பதே அதிகம் என்பதால், தைலமும் மாத்திரையும் வலியை மறைக்குமே தவிர நாரைச் சீராக்காது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது, ஊசி போட்டவர்களைவிடப் போடாமல் பொறுத்திருந்தவர்களே நன்றாக இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலான வழி சலிப்பூட்டுவது: முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டி, ஒரு சிறு எடையைப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும், ஏற்றும்போது மறு கையால் தாங்கிக்கொள்ளலாம். இதை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அந்த மாதங்களில் கனமான வேலையைக் குறைக்கச் சொல்வார்கள். காண்ட்ராக்டில் வேலை செய்பவருக்குக் குறைத்த வேலை என்பது குறைந்த கூலி. கை வெட்டுப்பட்டால் நாளும் நேரமும் சொல்லி நஷ்டஈடு கேட்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக நைந்த தசைநாருக்கு எந்தத் தேதியைச் சொல்வது? பல தச்சர்கள் வலியோடே உழைப்பதற்குக் காரணம் அறியாமை அல்ல, இந்தக் கணக்குதான்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம். அதைத் தள்ளிப்போட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, ஸ்க்ரூவைக்கூட எடுத்துப் பிடிக்க முடியாமல் போகலாம் என்பதால், உடனே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.