வாப்பாவின் மருந்துகளுக்கு ஒரே தாள்

மதுரையில் வாப்பாவுக்கு இதய இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக் கீழக்கரைக்கு அழைத்து வந்த பிறகுதான் வீட்டு மருந்துப் பொறுப்பு என் கைக்கு வந்தது. அதுவரை சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இரத்தக் கொதிப்புக்கு இன்னொருவர், மூட்டு வலிக்கு மருந்துக்கடை என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மருந்தையும் ஒருசேரப் பார்த்தவர் எவரும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் புது மருந்துகள் இருந்தன. பழையவற்றில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வாரம் முழுக்க ஒரே பயம்.

முதலில் வீட்டிலிருந்த மருந்து அத்தனையையும் பாயில் கொட்டினேன். அலமாரி, ஃபிரிட்ஜ் கதவு, வாப்பாவின் சட்டைப் பை, உம்மாவின் தலையணை அடி என்று எங்கெங்கிருந்தோ வந்தன. எங்கள் ஊர் வீடுகளில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள், கொண்டுவரும் மருந்தும் இருக்கும். துபாயிலிருக்கும் காக்கா (என் அண்ணன்) வரும்போதெல்லாம் பனடோல் பெட்டிகளைக் கொண்டுவருவார். அந்தப் பனடோலும் இங்கே காய்ச்சலுக்கு வாங்கும் டோலோவும் ஒரே பாராசிட்டமால்தான். உடல்வலிக்கு அதில் ஒன்று, காய்ச்சலுக்கு இதில் ஒன்று என்று போட்டால் ஈரலுக்குத்தான் கேடு. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு. வயதானவர்களுக்கு டாக்டர்கள் அதையும் குறைத்துச் சொல்வார்கள்.

அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை நம்பக் கூடாது என்று அன்று புரிந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் முக்கியம். ஃபோன் கேமராவில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். வாப்பா வெகு காலமாகப் போடும் கொதிப்பு மாத்திரை அம்லோடிபின். மதுரையில் புதிதாக எழுதியிருந்தது டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை. பெயரும் நிறமும் வேறாக இருந்ததால், வாப்பா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதும் கணுக்கால் வீங்கியதும் ஆபரேஷன் அசதி என்றே எல்லோரும் சொன்னார்கள். அம்லோடிபின் அளவு கூடினால் வரும் தொல்லைகள்தான் அவை இரண்டும்.

சில அட்டைகளில் தேதியே இல்லை. கடையில் நான்கு, ஐந்து என்று வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. இப்போது முழு அட்டையாகக் கேட்டு வாங்குகிறேன். வெட்டித்தான் தர வேண்டுமென்றால் தேதியைப் பில்லில் எழுதச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு இராமநாதபுரத்தில் ஒரு பொது மருத்துவரிடம் கொண்டுபோனேன். சீட்டை மட்டும் காட்டாமல் பையையே காட்டியது எவ்வளவு பெரிய உதவி என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கும்போது தெரிந்தது. பழைய அம்லோடிபினை முதலில் எடுத்துவிட்டார். மூட்டு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பவை. அவற்றோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகமும் அடிபடும். "கேஸ்" தொல்லைக்கு வாப்பா தானாக வாங்கும் ஒமிப்ரசோல், குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கக்கூடியது என்று சொல்லி, பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த வேலை குறைந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது.

அன்று இரவு ஒரு தாள் எழுதினேன். மருந்தின் பெயர், கம்பெனிப் பெயர், அளவு, எதற்காக, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த டாக்டர், எந்தத் தேதியில் தொடங்கியது. அடியில் ஒவ்வாமை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கடைசிப் பரிசோதனை அளவு. உம்மா தினமும் கொடுக்கும் கருஞ்சீரக எண்ணெயையும் எழுதினேன். "அது மருந்தா, மகளே?" என்று வாப்பா வருத்தப்பட்டார். உடம்புக்குள் போகும் எதையும் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மாத்திரை டப்பா வாங்குவது எளிது. எங்கள் கரையில் காற்றின் ஈரம்தான் சிக்கல். உறையிலிருந்து பிரித்துப் போட்டு வைத்தால் சில மாத்திரைகள் நமுத்துப்போகின்றன. அதனால் அலுமினியத் தாளோடு ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஒரு வாரத்துக்கு மட்டும் போடுகிறேன். தாளின் ஓரம் கூராக இருக்கும், மாத்திரையோடு விழுங்கினால் தொண்டை கிழியும் என்பதால் வேளைக்கு வேளை நானே பிரித்துக் கையில் கொடுக்கிறேன். வாப்பாவின் மெட்ஃபார்மின் "எஸ்.ஆர்." என்று எழுதிய பெரிய மாத்திரை; மெதுவாகக் கரைய வேண்டியது. விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று அதைப் பொடித்துப் போட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். மறந்த வேளைக்குச் சேர்த்து அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுப்பதும் கூடாது.

உம்மாவுக்குத் தனி டப்பா, வேறு நிறம். அவர் போடும் தைராய்டு மாத்திரையும் வாப்பாவின் சர்க்கரை மாத்திரை ஒன்றும் அருகருகே வைத்தால் எனக்கே பிரித்தறியத் தெரியாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே தேநீர். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முன்பு இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரமலான்தான் கடினமாக இருந்தது. ஸ்டென்ட் வைத்த பின் வந்த முதல் ரமலானில் நோன்பு வேண்டாம் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். வாப்பா நோன்புக்கு ஈடாக ஏழைகளுக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுத்தார். அடுத்த வருடம் சம்மதம் கிடைத்தது. நோன்பு தொடங்கப் பல வாரங்களுக்கு முன்பே போய் மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கினோம். நானாக மாற்ற எனக்குத் துணிவில்லை. பகலில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைத்து நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றினார்கள். சர்க்கரை 70க்குக் கீழ் போனாலோ 300க்கு மேல் ஏறினாலோ எந்த நேரமானாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது கண்டிப்பு. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம் (மார்க்க அறிஞர்) சொன்ன பிறகே வாப்பா அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பின் கையை நீட்டினார். உம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அந்த மாதத்துக்கு மட்டும் பச்சை மையில் தனித் தாள் எழுதினேன்.

ஒதுக்கிய மருந்துகளைக் கடலிலோ சாக்கடையிலோ கொட்டவில்லை. பிரித்து, தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு என்பதால் டப்பாக்கள் இப்போது மேல்தட்டில் இருக்கின்றன.

தாளின் படம் காக்காவின் ஃபோனிலும் இருக்கிறது. மருந்து மாறும் அன்றே புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுகிறேன். போன மாதம் வாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. இரத்தம் நிற்காது என்று பயந்து ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் சில நாள் நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. பல் டாக்டர் தாளைப் படித்துவிட்டு அங்கிருந்தே இதய டாக்டரிடம் ஃபோனில் பேசினார். இரண்டு மாத்திரையும் அன்று காலை வழக்கம்போலப் போட்டுத்தான் பல்லை எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்ததில் இரத்தம் நின்றுவிட்டது. வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதாமல் பாராசிட்டமால் எழுதியிருந்தார்.